லண்டனில் இருக்காத அண்ணாவுக்கு

என்றைக்கும் என் மனதுக்கு நெருக்கமான அண்ணா,

முதலில் நல்ல செய்தி. உங்கள் ஒழுங்கையை, தேவாலயத்துக்குப் போகிற அந்த வயல் பாதையை, மறித்துப் போட்டிருந்த இரும்புக் கேற்றைப் போன செவ்வாய்க்கிழமை கழற்றிவிட்டார்கள். உங்கள் ஊர் மார்கரெட் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கேற் நின்ற இடம் முழுக்கச் சேறு, சேற்றில் ஏழெட்டுச் சப்பாத்துத் தடம், நடுவில் ஒரு நாயின் தடம். இங்கே கனடாவில், அஜக்ஸில் காலைத் தேநீரோடு அதைப் பார்த்து நான் தனியே சிரித்தேன்.

மற்றச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒழுங்கை ஒரேயடியாக மூடுபடப் பார்த்தது என்னால்தான். கோபிக்காமல் கேளுங்கள். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு உங்களையும் தெரியாது, உங்கள் ஊரையும் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லண்டனில் மூன்று வருடம் பெற்றோல் ஷெட்டில் நின்றுவிட்டு, ஒருத்தரும் எடுக்க வராத ஒரு கடையை எடுக்கப்போகிறேன் என்று லிட்டில் ஆர்ன்டனுக்குப் போனீர்கள். நாற்பது வீடு, ஒரு குளம், ஒரு பப், ஒரு கடை. கடையின் மூலையிலேயே தபால் கந்தோர். "லிட்டில் எண்டால் பெரிய ஆர்ன்டன் எங்கை?" என்று நான் போனில் கேட்டேன். "அது இப்ப இல்லை பிள்ளை. ஆடு வளர்க்கிறதுக்காகச் சனத்தை எழுப்பிப்போட்டாங்கள்" என்றீர்கள். யாரோ நேற்றுச் செய்த அநியாயம் போல அவ்வளவு கோபம் உங்கள் குரலில்.

அது பல நூறு வருடத்துக்கு முந்திய கதை என்று பிறகுதான் எனக்குத் தெரியும். குடியானவர்களைவிட ஆட்டு மயிரில் வரும்படி கூட என்று கண்ட நிலச்சுவாந்தர் முழு ஊரையும் வெளியேற்றினாராம். தேவாலயத்தை மட்டும் தொடவில்லை. சனம் அரை மைல் தள்ளி, ஓடைக்கரையில் குடிசை போட்டது. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் பழைய பாதையாலேயே நடந்து போய் வந்தது. இன்றைக்கும் அந்தத் தேவாலயம் வயல் நடுவில் தனியே நிற்கிறது. வீடுகள் இருந்த இடமெல்லாம் புல்லுக்குள் சின்னச் சின்ன மேடு. "இவையளும் இடம்பெயர்ந்த சனம்தான். ஆனால் கோயிலை விடேல்லை, ஒழுங்கையையும் விடேல்லை" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள்.

ஒருமுறை நான் உங்களிடம் வந்து நின்ற பத்து நாளும் எனக்கு அந்த ஊர் பிடிபடவேயில்லை. வீட்டுக்குள் வா என்று ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஆனால் விடிய எழும்பிப் பார்த்தால் வாசலில் ஜாம் போத்தல் இருக்கும், யார் வைத்தது என்று தெரியாது. அடைமழை கொட்டினாலும் "அவ்வளவு மோசமில்லை" என்பார்கள். வந்து நாற்பது வருடமான ஒரு மனிதரைப் "புதுசா வந்தவர்" என்று உங்களுக்கு அறிமுகப்படுத்தினார்களாம். அந்தக் கணக்கில் நீங்கள் இன்னும் பிறக்கவேயில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். கண்ணாடிக் கொட்டிலில் நீங்கள் வளர்த்த புடலங்காயை ஊர் மரக்கறிக் கண்காட்சிக்குக் கொண்டுபோக, எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாமல் குழுக் கூட்டம் வைத்து, "நீளமான ஏனைய மரக்கறிகள்" என்று புதுப் பிரிவே உண்டாக்கினார்கள். அதில் போட்டியிட்டது நீங்கள் ஒருவர்தான். பரிசு இரண்டாவது. முதல் பரிசுக்கு இன்னும் கொஞ்சம் நேராக இருந்திருக்க வேண்டுமாம்.

பிறகு மணி. தேவாலயக் கோபுரத்தில் ஆறு மணிகள், கயிறு இழுத்து அடிக்க ஆறு பேர் வேண்டும், ஊரில் ஐந்து பேர்தான். அவர்களுக்குத் தலைவி மார்கரெட், இளைப்பாறிய பள்ளிக்கூட ரீச்சர். கடைக்கு முத்திரை வாங்க வந்தவர் உங்கள் கையைப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் சிவா, கயிறு இழுப்பீர்களா?" என்று கேட்டாராம். நெற்றியில் திருநீறோடு நீங்கள் புதன்கிழமை மணி அடித்துப் பழகவும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அந்தப் பழைய ஒழுங்கையால் போய் வந்தீர்கள். இருபத்திரண்டு வருடம். எனக்கு எழுதிய கடிதமெல்லாம் அந்த நடையோடுதான் தொடங்கும். இன்றைக்கு நரி நின்றது, இன்றைக்கு முழங்கால் மட்டும் சேறு என்று.

அப்போதெல்லாம் எனக்கு உங்களில் பரிதாபம்தான். தமிழ்க்கடை இல்லை, கோயில் இல்லை, கதைக்க ஒரு சனமில்லை. "அண்ணா, இஞ்சை வாங்கோவன். அஜக்ஸிலை எங்கடை ஆக்கள் எவ்வளவு பேர் இருக்கினம்" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். "வாறன், வாறன். புதன்கிழமைப் பழக்கம் முடியட்டும்" என்பீர்கள். எந்தப் புதன்கிழமை என்று நான் கேட்கவேயில்லை.

நீங்கள் கண்மூடிய கிழமை உங்கள் மரண அறிவித்தலை எழுதியது நான்தான். "யாழ். கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், லண்டனை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கினேன். என் மகள் அபி பக்கத்தில் நின்று, "அம்மா, மாமா லண்டன்ல இருக்கேல்லையே. தட்ஸ் நொட் ஈவன் க்ளோஸ்" என்றாள். "உந்த ஊரை ஆருக்குப் பிள்ளை தெரியும்? லண்டன் எண்டு போட்டால்தான் சனத்துக்கு விளங்கும்" என்றேன். இங்கிலாந்தில் எந்த மூலையில் இருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு அது லண்டன்தானே. ஸ்கொட்லாந்தில் இருந்த ஐயாவின் தம்பி, எங்கள் குஞ்சியப்புவையும் ஊரில் லண்டன்காரர் என்றுதானே சொன்னார்கள்.

நீங்கள் இல்லாமல் போன பிறகு, அந்த வயலை வாங்கிய புது முதலாளி ஒழுங்கைக்குக் கேற் போட்டார். சட்டப்படி, இருபது வருடத்துக்குக் குறையாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் சனம் நடந்த பாதை என்று காட்டினால்தான் திறப்பார்களாம். ஊரில் மற்ற எல்லாரும் காரில் பெரிய றோட்டால் சுற்றித் தேவாலயத்துக்குப் போகப் பழகிவிட்டார்கள். தவறாமல் நடந்தது நீங்கள் ஒருவர். மார்கரெட் எனக்குப் போன் எடுத்து, அந்த நடைக்குச் சாட்சியாக உங்கள் கடிதங்களைக் கேட்டார். நானும் அபியும் ஒரு மாதமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக மொழிபெயர்த்து அனுப்பினோம்.

முதலாளியின் வக்கீல் கெட்டிக்காரர். இணையத்தில் இருந்த அறிவித்தலைத் தேடிப் பிடித்து, மொழிபெயர்த்து, மேசையில் வைத்துவிட்டார். இறந்தவர் லண்டன்வாசி என்று அவருடைய சொந்தத் தங்கையே எழுதியிருக்கிறார், இந்தக் கடிதங்கள் விடுமுறைக்கு வந்துபோன ஒருவரின் கடிதங்கள் என்றார்.

ஊர் மண்டபத்தில் விசாரணை. அங்கே பின்னேரம், எனக்கு இங்கே காலை ஒன்பது மணி. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சீலை உடுத்துக்கொண்டு, குசினி மேசையில் கணினிக்கு முன்னால் இருந்தேன். எங்கள் ஆட்கள் முழு இங்கிலாந்தையும் லண்டன் என்றுதான் சொல்வார்கள் என்று விசாரணை அதிகாரிக்கு விளக்கினேன். "லண்டனிலிருந்து இந்த ஊர் இரண்டரை மணித்தியால ஓட்டம், அம்மணி" என்றார் அவர். "எங்களுக்கு அது ஒரு தூரமில்லை ஐயா" என்றேன். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் இருந்த வயதான ஒருவர் எழும்பி, "அவர் லண்டன்காரர் என்றால் நாங்கள் மணிக்கயிற்றைத் தொடவே விட்டிருக்கமாட்டோம்" என்றார். சிரிப்பு இன்னும் கூடியது.

அதிகாரி சிரிக்கவில்லை. "ஊரின் பெயரையே ஏன் போடவில்லை?" என்று கேட்டார்.

சனத்துக்கு விளங்காது என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். ஆனால் முப்பது நாற்பது முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, மார்கரெட் மடியில் கடிதக் கட்டு. பொய் வரவில்லை அண்ணா. "எனக்கு வெட்கமாக இருந்தது. என்னுடைய அண்ணா ஒருத்தருக்கும் தெரியாத ஒரு மூலையில் தனியாகச் செத்துப்போனார் என்று நினைத்தேன். லண்டன் என்று போட்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று பார்த்தேன்" என்றேன். மார்கரெட் மெதுவாக, "அவர் தனியாகச் சாகவில்லை, வசந்தி. மணி அடிக்கிற நாங்கள் ஐந்து பேரும் ஆஸ்பத்திரியில் நின்றோம்" என்றார். அது எனக்குத் தெரியாது. யாரெல்லாம் நின்றார்கள் என்று நான் ஏன் அப்போது கேட்கவில்லை?

தீர்ப்பில் என் பதிலையும் எழுதியிருக்கிறார்கள். தன் வெட்கத்தைச் சபையில் சொன்ன சாட்சியை நம்புகிறேன் என்று அதிகாரி எழுதியிருந்தார். வெட்கம் ஒரு ஒழுங்கையைத் திறக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நேற்று அறிவித்தல் போடுகிற தம்பி ஸ்காபரோவில் இருந்து போன் எடுத்தார். "அக்கா, அண்ணையின்ரை மூண்டாம் ஆண்டு நினைவஞ்சலி வருது. போன வருசம் போட்டதையே போடட்டோ?" என்றார். ஒரு சொல்லை மாற்ற வேணும் தம்பி என்று ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

"அது எங்கையக்கா இருக்கு?"

"இங்கிலாந்திலை."

"அப்ப லண்டன் எண்டே போடுவமே. சனத்துக்கு விளங்கும்."

விளங்காமல் போகட்டும் என்றேன். விளங்காதவர்கள் எனக்குப் போன் எடுத்துக் கேட்கட்டும், நான் இருந்து ஆறுதலாகச் சொல்கிறேன். லிட்டில் ஆர்ன்டனை வதிவிடமாகவும் கொண்ட என்று ஒரு எழுத்துப் பிசகாமல் வரும் அண்ணா, இனி ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் வரும். இது சத்தியம்.

உங்கள் ஊர் தெரிந்த தங்கச்சி,
வசந்தி
அஜக்ஸ்