அடுப்பு வெக்கையும் வெள்ளை மாத்திரைகளும்

அக்டோபர் 6, திங்கள்

விடியும்போதே மழை. சிம்பாங் பூலாய் மலைகள் இருந்த இடமே தெரியவில்லை. ஈப்போ பஸ் தாமதம். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி மிஸ் லிம் எனக்கு முன்பே வந்து ஷட்டரைத் தூக்கியிருந்தார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்று முதல் வெள்ளை மாத்திரை வாரம். இரண்டு வருடமாகக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடுகிறேன். அட்டையில் மூன்று வரிசை மஞ்சள், ஒரு வரிசை வெள்ளை. அந்த வெள்ளையில் என்னதான் இருக்கிறது? இத்தனை நாள் கேட்கத் தோன்றவில்லையே. விழுங்காமல் மென்று பார்த்தேன். இனிப்பு.

மத்தியானம் பக்கத்து மருந்துக்கடைப் பெண்ணிடம் விசாரித்தேன். அதில் மருந்தே கிடையாதாம். தினமும் எடுக்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று வைத்திருக்கிறார்களாம். அந்த வாரம் வரும் இரத்தமும் வழக்கமான மாதவிடாய் இல்லையாம். மருந்து நின்றதால் வருவதாம். வெள்ளையை விட்டுவிட்டு அடுத்த அட்டை மஞ்சளைத் தொடர்ந்தால் வராமலே தள்ளலாமாம்.

ஆக, சர்க்கரைக்கு அலாரம் வைத்துத் தின்றிருக்கிறேன்.

மாதவிடாயில் தொழக் கூடாது; இது வழக்கமானது இல்லை என்றால் அந்த நாட்களில் தொழலாமா? வகுப்பு எடுக்கும் உஸ்தாஸாவிடம் கேட்க வேண்டும். வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்பேன்.

மறக்கக் கூடாதது: மகனுக்குக் கறுப்புக் காலுறை. கேஸ்காரருக்குப் போன். சனிக்கிழமை உம்ரா வகுப்பு.


அக்டோபர் 11, சனி

ஈப்போவில், மக்கா யாத்திரைக்கான உம்ரா வகுப்பு. நானும் மச்சானின் (என் வீட்டுக்காரர்) அக்கா ராபியா லாத்தாவும். மச்சான் வரவில்லை, எங்கள் சாப்பாட்டுக் கடையை யாராவது பார்க்க வேண்டுமே. பெண்கள் குழுவோடு நவம்பர் நடுவில் பயணம்.

ராபியா லாத்தா (இனி ரா.லா., கை வலிக்கிறது) வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. கடை அடுப்படி முழுக்க அவர் ராஜ்யம். உம்ராவுக்கு இது மூன்றாவது முயற்சி. முதல் தடவை அவர் அம்மா, என் மாமி, படுக்கையில் விழுந்தார். இரண்டாவது தடவை கொரோனாவில் உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. இந்தத் தடவை பெட்டியை இப்போதே கட்டி வைத்துவிட்டார்.

வெள்ளை மாத்திரைக் கேள்வியைக் கேட்டேன். உஸ்தாஸா சிரிக்கவில்லை. எதனால் வந்தாலும் அதன் நாட்களில் வந்தால் வழக்கமானதாகவே கணக்கு, தொழுகை இல்லை என்றார். பின் வரிசையில் சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தேநீர் நேரத்தில் பெண்கள் மூலையில் ஒரே பேச்சு. தொழுகை இல்லாத நாள் மக்காவில் வந்துவிட்டால் கஅபாவை ஏழு முறை சுற்றும் தவாஃப் செய்ய முடியாது, அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் ஆளாளுக்கு அதைத் தள்ளிப்போட மாத்திரை யோசனை. கைப்பைகளிலிருந்து அட்டைகள் வெளியே வந்து கை மாறின. "எங்க மதினி போட்டுட்டுத்தான் போனாங்க, ஒண்ணும் ஆகல லா."

திரும்பும் வழியில் ரா.லா. என் காதருகே வந்து, உன் அட்டையில் இரண்டு கொடு என்றார். அவர் என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை. பெருமையாக இருந்தது.


அக்டோபர் 13, திங்கள்

இரண்டு அட்டை கொடுத்தேன். மாதவிடாய் முதல் நாள் வந்ததும் தொடங்கி, இடையில் வெள்ளையைத் தொடாமல் போக வேண்டும் என்று டாக்டர் மாதிரி விளக்கினேன்.

கொடுத்த பிறகுதான் பெட்டிக்குள் இருக்கும் தாளை எடுத்தேன். விரித்தால் தொழுகைப் பாய் அளவு. எழுத்து எறும்பு. கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து மலாய்ப் பக்கத்தைப் படித்தேன். இரண்டு வருடம் தின்றுவிட்டு இப்போது படிக்கிறேன்!

முப்பத்தைந்துக்கு மேல், புகைபிடித்தால்: கூடாது.
இரத்தக் கொதிப்பு இருந்தால்: கூடாது.
காலில் இரத்தக்கட்டி வந்திருந்தால்: கூடாது.
சாப்பிட்டவுடனே வாந்தி எடுத்தால்: இன்னொன்று எடுக்க வேண்டும்.
காசநோய் மருந்தும் வலிப்பு மருந்தும் சில இதைக் கெடுக்கும்.
கண்ணில் ஒளி தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி: கூடாது.

அடுப்படிக்குப் போய் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ரா.லா. சம்பல் கிண்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் இல்லை. தலைவலி என்றதும், "அது அடுப்பு வெக்கை" என்றார். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லாத்தாவுக்கு அவ்வப்போது அடுப்பு வெக்கை வரும். துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு படுப்பார், நாங்கள் டிவி சத்தத்தைக் குறைப்போம். நானும் சரியென்று அடுத்ததற்குப் போய்விட்டேன்.


அக்டோபர் 17, வெள்ளி

சாயங்காலம் எங்கள் சாப்பாட்டுக் கடையில் நெரிசல். ரா.லா. தேங்காய்ப் பாலைச் சட்டிக்குள் ஊற்றாமல் பக்கத்தில் ஊற்றினார். நான் பதறிப் பிடித்தேன். "பாதிச் சட்டிதான் தெரியுது" என்று சிரித்தார். பாதிச் சட்டியா? எந்தப் பாதி? கேட்பதற்குள் துண்டை நனைக்கப் போய்விட்டார். வெக்கையாம்.

பாதி எப்படித் தெரியாமல் போகும்?

மிஸ் லிம் கடை மெஷினில் போன வருடம் அவர் கண்ணைப் பார்த்தோம். படிக்கும் கண்ணாடி மட்டும் போதும் என்று வந்தது. கண்ணில் பழுது இல்லை.


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மிஸ் லிம் கடை விடுமுறை. பக்கத்து வீட்டுச் சாந்தி அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கு பாதி காலி, மீதியை ஒளித்து வைத்திருக்கிறேன். நேற்று முதல் இந்தப் பக்கம் தண்ணீர் இல்லை. சாப்பாட்டுக் கடையையும் மூடிவிட்டோம். இரண்டு நாளாக அடுப்பே எரியவில்லை.

ரா.லா. கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ரிமோட்டை வைத்துவிட்டு, வெக்கை வருகிறது என்றார்.

எந்த வெக்கை?

ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்தேன். இடது கண்ணை மூடுங்கள். தெரிகிறதா? தெரிகிறது. வலது கண்ணை மூடுங்கள். தெரிகிறது. இரண்டையும் மூடுங்கள். அப்போதும் தெரிகிறது. எப்படி இருக்கிறது என்று மேசையில் விரலால் வரையச் சொன்னேன். ரம்பப் பல் மாதிரி ஒரு வளைவு. ஓரமெல்லாம் மினுக்குகிறதாம், மெல்லப் பெரிதாகிறதாம், அதன் நடுவில் ஒன்றுமே இல்லையாம். "ஏன்டி நூரு, என்னைய வச்சு பரீட்சை எழுதுறியா?"

கொஞ்ச நேரத்தில் அது கரைந்தது. பிறகு தலைவலி பிடித்துக்கொண்டது. வாந்தி. ஈரத் துண்டு.

எனக்கு ஒரே பரபரப்பு. புது ஊர் கண்டுபிடித்தவள் மாதிரி. வெட்கமாகவும் இருக்கிறது, அவர் வலியில் படுத்திருக்கிறார்.


அக்டோபர் 21, செவ்வாய்

மிஸ் லிம்மிடம் வரைந்து காட்டினேன். ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தால் கண்ணைப் பார்க்கலாம், எதை மூடினாலும் தெரிந்தால் அது மூளையிலிருந்து வருவது என்றார். ஒளியோடு வரும் ஒற்றைத் தலைவலியாக இருக்கும், டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். படத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. அவர் தங்கைக்கும் இதே மாதிரிதான் தெரியுமாம்.

தாளை மறுபடி விரித்தேன். ஒற்றைத் தலைவலி வரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: பக்கவாதம் வரும் ஆபத்து. மஞ்சள் மாத்திரையில் இரண்டு மருந்து. அதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஒன்றுதான் ஒளி தெரிகிறவர்களுக்கு ஆகாது.

நான் கொடுத்த அட்டை.

ரா.லா.வுக்குப் போன் போட்டேன். முதல் நாள் நேற்றே வந்துவிட்டதாம். ஒன்று போட்டாயிற்றாம்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் வைத்தே சொன்னேன். நிறுத்துங்கள், கிளினிக் போவோம் என்றேன். கரண்டியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"ஒனக்குப் புருஷன் இருக்கான். நீ எங்க போயும் கேக்கலாம், வாங்கலாம். நான் போயி கேட்டா, கல்யாணம் ஆகாதவளுக்கு எதுக்கு இந்த மாத்திரைன்னு பாப்பாங்க. அந்தப் பார்வைய நீ பாத்திருக்கியா?"

இல்லை. பார்த்ததில்லை. அவர் டாக்டர் பக்கமே போகாததற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை கேள்வி கேட்கிறவள் இதைக் கேட்கவில்லை. அழுகை வந்தது.

கடைசியில் ஒன்று சொன்னேன். நீங்கள் இதைப் போட்டுக்கொண்டு வந்தால் நான் உம்ராவுக்கு வரமாட்டேன்.


அக்டோபர் 22, புதன்

பேச்சு இல்லை. வேலைக்கு ரா.லா. கட்டிக் கொடுத்த சாப்பாட்டில் மீன்குழம்பு இருந்தது, மீன் இல்லை.

மச்சான் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். கேட்கப் பயம்.

ரா.லா. அட்டையை மேசைமேல் வைத்திருக்கிறார், எனக்குத் தெரியட்டும் என்று. எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு குழிதான் காலி. அல்ஹம்துலில்லாஹ்.


அக்டோபர் 24, வெள்ளி

காலையில் ரா.லா. புது முக்காடு போட்டுக்கொண்டு வாசலில். "ஒன்னோட மோதிரத்தக் கழட்டிக் குடு." என் கல்யாண மோதிரத்தை வாங்கித் தன் விரலில் மாட்டப் பார்த்தார். இறங்கவில்லை. சோப்புப் போட்டு இறக்கினோம். அப்படியே காடியில் ஏறினோம்.

ஈப்போவில் ஒரு கிளினிக். மலாய் டாக்டர் அம்மா. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ரா.லா. என்னைப் பார்த்தார், மோதிரத்தைப் பார்த்தார். பிறகு மலாயில் நிதானமாகச் சொன்னார்: எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, உம்ராவுக்காகக் கேட்கிறேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தவே இல்லை. இந்த நாற்காலியில் பாதிப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள் என்றார். அவ்வளவுதான். அந்தப் பார்வை வரவே இல்லை. ரா.லா.வின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

ரா.லா. மேசையில் ரம்பப் பல்லை வரைந்து காட்டினார். ஒளியோடு வரும் ஒற்றைத் தலைவலிதான் என்று டாக்டர் அதன் ஆங்கிலப் பேரையும் சொன்னார். இரத்த அழுத்தம் சரி. ஆனால் இந்த மாத்திரை கூடவே கூடாது, இனி எந்த டாக்டரிடம் போனாலும் இந்த ஒளியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும் என்றார். பேச்சு குழறினால், கை கால் ஒரு பக்கம் விழுந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு மருந்து பற்றிப் பேசலாம், ஆனால் அது இரத்தத்தை நிச்சயம் நிறுத்தும் என்று சொல்ல முடியாது என்றார். ரா.லா. யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். வந்தால் வரட்டும், அறையில் காத்திருந்து சுத்தமானதும் செய்வேன்.

என் கேள்விகள் ஒரு பட்டியல். டாக்டர் பொறுமைசாலி. உனக்கு இந்த மாத்திரை ஒத்துப்போகிறது என்றார். நீண்ட விமானப் பயணத்தில் எழுந்து நட, தண்ணீர் குடி. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால் உடனே சொல். அட்டைகளைச் சேர்த்துப் போட்டால் இடையில் லேசாகப் படலாம், அதில் ஆபத்து இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வராது.

மோதிரம் திரும்பி வந்தது, மறுபடி சோப்புப் போட்டு. இரவுச் சாப்பாட்டில் எனக்கு இரண்டு மீன்.


நவம்பர் 15, சனி

கிளம்புகிறோம். மழை. பிள்ளைகள் என் அம்மா வீட்டில். என் மாத்திரை கைப்பையில், பெட்டியில் அல்ல; வெள்ளையைத் தொடாமல் அடுத்த அட்டை மஞ்சள் ஓடுகிறது. அங்கே மணி ஐந்து மணி நேரம் பின்னால். இங்கே காலை எட்டு என்றால் அங்கே விடிகாலை மூன்று. அலாரத்தை மாற்றிவிட்டேன்.

ரா.லா. கைப்பையில் ஒரு சின்னத் துண்டு. வெக்கைக்கு.


நவம்பர் 18, செவ்வாய், மக்கா

வந்துவிட்டது.

எனக்கு.

மாத்திரை போட்ட எனக்கு. லேசாகத்தான், ஆனால் வந்துவிட்டது. குழு உஸ்தாஸா எத்தனை நாள் முன்பு போன தடவை வந்தது என்று கேட்டுவிட்டு, அறையில் இரு, நிற்கிறதா பார்ப்போம் என்றார். நாள் கணக்குப் போட்டுப் பார்த்தால் மாத்திரை போடாத ரா.லா.வுக்கு நேற்றே வந்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. ஜன்னல் வழியே பள்ளிவாசல் மினாரா தெரிகிறது. கோபம், சிரிப்பு, வெட்கம், எல்லாம் ஒன்றாக.

ரா.லா. வாசலில் நின்றார். ஈப்போ பாசாருக்குக்கூடத் தனியாகப் போகாதவர். நான் இல்லாமல் போக மனம் இல்லை என்றார். போங்கள் என்றேன். மூன்று தடவை சொன்னேன். குழுவோடு போனார்.


நவம்பர் 19, புதன்

ரா.லா. நேற்று திரும்பி வந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

பிந்தித்தான் வந்தார். முகம் வெளுத்திருந்தது. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஸம்ஸம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். நான்காவது சுற்றில் ஒளி வந்துவிட்டதாம். வெள்ளைத் தரை, வெயில், ரம்பப் பல். பக்கத்தில் வந்த பெண்ணிடம் கையால் சொல்லி, ஒரு தூணுக்குப் போய் உட்கார்ந்தாராம். அந்தப் பெண் எந்த நாடோ, கூடவே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம். ஒளி கரைந்ததும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து ஏழு சுற்றையும் முடித்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் தலைவலி.

துண்டை நனைக்க எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இங்க ஏது அடுப்பு, நூரு?"

கையிலிருந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அந்த டாக்டர் ஒரு பேரு சொன்னாங்களே. சொல்லு, மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

சொன்னேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு படுத்துக்கொண்டார். விளக்கை நானே அணைத்தேன்.

இன்று காலை எனக்கு நின்றிருக்கிறது. குளித்துவிட்டுத் தவாஃபுக்குப் போகலாமா, உஸ்தாஸாவிடம் கேட்க வேண்டும். குளியலறையில் ரா.லா. எனக்காகத் தண்ணீரைத் திறந்து சூடு பார்த்துக்கொண்டிருக்கிறார், கூப்பிடுகிறார்