மஸ்தான் எடுத்த இலை

வெள்ளி, ஆவணி 2

காலையிலிருந்து புழுக்கம். கடற்காற்று மூன்று மணிக்குத்தான் எட்டிப் பார்த்தது. மன்னிக்கு மசக்கை. அடுப்பு, பரிமாறல், எச்சலிடுதல் எல்லாம் என் தலையில். அப்பா இலையையும் அண்ணா இலையையும் எடுத்துத் தரையைத் துடைத்து நிமிர்ந்தபோது லைப்ரரி மூடும் நேரம். புத்தகம் மாற்றவில்லை.

போகட்டும். நேற்று ஆட்டம் பார்த்தாயிற்று.

செமி பைனல். நம் மாடவீதி யூனியன் ஒன்று, துறைமுகக்காரர்கள் பூஜ்யம். ஜட்காவுக்குள் நானும் மன்னியும், திரையை இரண்டு விரல் விலக்கி. கடைசி நிமிஷத்தில் நம் கோல்கீப்பர் குப்புற விழுந்து கிடக்க, பந்து தானாக உள்ளே உருண்டுகொண்டிருந்தது. பின்னால் நின்று காக்கும் பேக் மஸ்தான் எங்கிருந்து வந்தான் என்று இப்போதும் தெரியவில்லை. வெறுங்கால், கணுக்காலில் துணிக்கட்டு. சறுக்கிக்கொண்டே வந்து கோட்டின் மேல் வைத்து வெளியே தட்டிவிட்டான். பின்னால் வந்த பூட்ஸ் அவன் முழங்காலில் ஏறியது. எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, தன் இடத்துக்குப் போய் நின்றான். யாரையும் பார்க்கவில்லை.

ஜட்கா சுபான் பாய் வண்டியின் மேல் ஏறி நின்று: "உட்றாதே மஸ்தான்! உட்றாதே நைனா!" குதிரை மிரண்டு, நாங்கள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர்.

மைதானத்துக் கயிற்றுக்கு ஒரு பக்கம் மயிலாப்பூர். மறுபக்கம் ராயப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை. நேற்று இரண்டு பக்கமும் ஒரே கத்தல். காபி ஹோட்டல் மாமா, துண்டைச் சுழற்றிக்கொண்டு: "நம்ம பையன்டா! மயிலாப்பூர்ப் பையன்!" மஸ்தான் ராயப்பேட்டை. மாமனின் குடைக்கடையில் வேலை. பத்தொன்பது வயசு. நேற்று ஒரு சாயங்காலத்துக்கு மயிலாப்பூர்.

அண்ணாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சங்கத்துக் காரியதரிசி அல்லவா. மிளகுப் பால் போட்டுக் கொடுத்தேன். கிசுகிசுத்த குரலில், "ஞாயித்துக்கிழமை பாருடி குட்டி. ஒரு காரியம் செய்யப்போறேன்" என்றான்.

பைனலுக்குப் போனால் சங்கத் தலைவர் மாமா வீட்டில் எல்லாருக்கும் விருந்து. பழைய வழக்கம். (நீளமாக எழுத அலுப்பு. இனி த.மா.) ஆட்டக்காரர்கள் கூடத்தில். மஸ்தானுக்கும் வண்டியோட்டும் சுபான் பாய்க்கும் மோட்டார் ஷெட்டில் இலை. இந்த வருஷம் எல்லாருக்கும் ஒரே பந்தி என்கிறான் அண்ணா. த.மா.விடம் கேட்டானாம். "எனக்குத் தெரியாத மாதிரி இருந்துடறேன்" என்றாராம்.

கதர் போட்டுக்கொண்டால் மட்டும் போதுமா என்று அண்ணாவை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். இன்று வாபஸ்.

ஞாயிறு, ஆவணி 4

தலைவலி. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மன்னி வரவில்லை. த.மா. வீட்டில் நான், உள்கட்டில், காய் நறுக்கிக் கொடுத்தேன். கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவில் மரக்கிராதி. எல்லாப் பையன்களும் கிளப் சட்டை, மஞ்சளில் நீலக்கோடு. உட்கார்ந்துவிட்டால் யார் எவர் என்று தெரியாது. அண்ணாவின் யோசனை அதுதான். சுபான் பாயையும் கூப்பிட்டான். அவர், "நமக்கு ஷெட்டே சவுரியம் சார். குதிரை கண்ல பட்டுக்கினு இருக்கும்" என்று நழுவிவிட்டார்.

மஸ்தான் நாலாவது இலை. தலைநிமிராமல் சாப்பிட்டான். பாயசம் மறுமுறை கேட்கவில்லை. அண்ணா போடச் சொன்னான். சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மோர் சாதம் ஆயிற்று. பையன்கள் கை காயக் காயப் பேசிக்கொண்டிருந்தார்கள். மஸ்தான் இலையை மடித்தான். மடித்து, சுருட்டி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்தான். உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பருக்கை கிடந்தது. குனிந்து அதையும் எடுத்தான். எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்தான்.

பந்தியில் வேறு யாரும் எழவில்லை. பந்தியில் யாரும் தன் இலையைத் தான் எடுப்பதில்லை. ஷெட்டில் எடுக்க வேண்டும். எடுத்துக் கொல்லைத் தொட்டியில் போட்டு, இடத்தை அலம்பிவிட வேண்டும். ஷெட்டுக்கு எச்சலிட ஆள் கிடையாது. இரண்டு வருஷம் அவனை அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

பரிசாரகர் மோர் வாளியோடு வந்தார். "இலையை ஏன் ஸார் எடுக்கறேள்? வெச்சுடுங்கோ, அதுக்கு மனுஷா இருக்கா." அப்புறம் முகத்தைப் பார்த்தார். "நீ ஷெட்டுப் பிள்ளையாண்டான்னா?"

வாளியைக் கீழே வைத்துவிட்டார். உள்ளேயிருந்த மற்றப் பரிசாரகர்களும் கரண்டியைப் போட்டுவிட்டு, இனிப் பரிமாறுவதில்லை என்று வந்து நின்றார்கள். இரண்டாம் பந்திக்குப் பெரியவர்கள் காத்திருந்தார்கள்.

த.மா. அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "ரகு! இவனை உள்ளே உட்கார வெச்சது யாரு?"

அண்ணா தன் இலையைப் பார்த்தான்.

"யாருன்னு கேக்கறேன்."

அண்ணா இலையையே பார்த்தான்.

மஸ்தான் வாசல் பக்கம் நடந்தான். ஒரு கிழவர், "வாசல் வழியாவா!" என்று அலறினார். நின்றான். திரும்பிக் கொல்லைப் பக்கம் போனான். இலையிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை.

அப்புறம் தீட்டுக் கழிக்கச் சாணித் தண்ணீர், புண்ணியாகவாசனம். சாஸ்திரிகளை அழைத்துவரச் சுபான் பாய் வண்டிதான் போயிற்று. எதற்கு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

திங்கள், ஆவணி 5

புதன் சாயங்காலம் கமிட்டி. மஸ்தான் விஷயத்தில் த.மா. ஏதாவது செய்தாக வேண்டும், பெரியவர்களெல்லாம் கேட்கிறார்களாம். சனிக்கிழமை பைனல், பட்டாளத்து டீமோடு. மஸ்தான் இல்லாமல் எப்படி?

அண்ணாவிடம் கேட்டேன். நாலு பேர் முன்னால் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "நான்தான் உட்கார வைத்தேன், தலைவருக்கும் தெரியும்." அவ்வளவுதான்.

"நான் பேசறேன்டி. பேசாம இருப்பேனா?"

நம்பினேன். நிம்மதியாகக்கூட இருந்தது. மன்னிக்கு எலுமிச்சங்காய்ச் சாதம் பிசைந்து கொடுத்தேன். நாலு வாய் சாப்பிட்டாள்.

வாங்க வேண்டியவை: நீல நூல், சீயக்காய், மை. குடைக் கம்பி ஒடிந்திருக்கிறது.

வியாழன், ஆவணி 8

நேற்று அண்ணா வந்ததும் படுத்துவிட்டான். இன்று காலை காபி கொடுக்கும்போது கேட்டேன்.

"ஒண்ணும் பெரிசா ஆகலை. விட்டுட்டோம்."

"எதை விட்டுட்டேள்?"

"அவனைத்தான். ரிலீஸ் பண்ணியாச்சு. வேற கிளப்ல ஆடிக்கட்டும், யார் வேண்டாங்கறா?"

"நீ பேசினியா?"

"பேசற கட்டமே வரலைடி."

"என்ன காரணம் போட்டா?"

காபியை ஆற்றினான். ஆற்றிக்கொண்டே இருந்தான். "பேக்குக்கு வேகம் போறாதுன்னு."

"யார் எழுதினா?"

"காரியதரிசி நான்தானே." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்: "அவன் பாட்டுக்கு அந்த இலையை வெச்சுட்டு எழுந்திருந்தான்னா ஒண்ணுமே ஆயிருக்காது, குட்டி."

படித்த நாவல்களிலெல்லாம் துரோகம் செய்கிறவன் முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுவான். குரல் ஒரு மாதிரி இருக்கும், கண் ஒரு மாதிரி இருக்கும். அண்ணா எனக்கு எழுத்து கற்றுக்கொடுத்தவன். அம்மை வந்தபோது வேப்பிலையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். எந்தப் புத்தகத்திலும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மன்னி: "அவர் பயந்த சுபாவம்டி. உனக்குத் தெரியாதா?" தெரியாது. தனக்குத் தெரிந்திருந்ததை அவளும் சொல்லவில்லை.

சாயங்காலம் அப்பாவைப் பார்க்க காபி ஹோட்டல் மாமாவும் இன்னும் மூன்று பேரும். ஜன்னல் வழியாகக் கேட்டது:

"நல்லதாப் போச்சு. அவனுக்கு வலது காலே கிடையாது."

"போன வருஷம் ஒரு பெனால்டி குடுத்தானே, ஞாபகம் இருக்கோ?"

"திரும்பறதுக்குள்ள விடிஞ்சுடும் ஓய்."

துண்டைச் சுழற்றிய அதே கை இப்போது வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தது. போன வியாழக்கிழமைக்கும் இந்த வியாழக்கிழமைக்கும் நடுவில் ஒருவன் கால் எப்படி மாறும்? பந்தி விஷயத்தை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. எல்லாரும் ஆட்டத்தைப் பற்றியே பேசினார்கள். அதுதான் தாங்கவில்லை. எனக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருந்தது அந்த ஆட்டம் ஒன்று.

மஸ்தானுக்குப் பதில் த.மா.வின் தங்கை பிள்ளை சேதுவாம்.

வெள்ளி, ஆவணி 9

தூறல். குடையைச் சாக்காக வைத்துச் சுபான் பாய் வண்டியில் ராயப்பேட்டை. அம்மாவிடம் நூல் வாங்கப் போவதாகச் சொன்னேன்.

வழியெல்லாம் சுபான் பாய் நாளைய ஆட்டத்தைப் பற்றியே. "சோல்ஜர் ஒருத்தன் கீறாம்மா, ஆள் பனைமரம். நம்ம மஸ்தான் அவன் கால்ல பூந்து வந்துடுவான் பாரு. அன்னிக்கு உங்காளுங்க இன்னா வேணா பேசிக்கட்டும். ஆட்டம்னு வந்தா மஸ்தான் இல்லாம முடியுமா?"

அப்போதுதான் புரிந்தது. மஸ்தானை நீக்கியது இங்கே யாருக்கும் தெரியாது.

சின்னக் கடை. உத்தரத்திலிருந்து கறுப்புக் குடைகள் வௌவால் மாதிரி. மஸ்தான் தரையில் உட்கார்ந்து கம்பி வளைத்துக்கொண்டிருந்தான். முழங்காலில் இன்னும் கட்டு. பக்கத்தில் கொடியில் இரண்டு துணிப்பட்டை, துவைத்துக் காயப்போட்டது. நாளைக்குக் கணுக்காலில் கட்ட.

நான் ரகுவின் தங்கை என்று சுபான் பாய் சொன்னதும் எழுந்து நின்றான்.

"அன்னிக்கு என்னால சாருக்குக் கஷ்டமாப்பூடுச்சும்மா. பந்தில எப்டி எந்திரிக்கறதுன்னு எனக்குத் தெரியல. மன்னிச்சுக்கச் சொல்லுங்க." பிறகு, "நாளிக்கு எத்தினி மணிக்கு வரணும்னு சாரைக் கேட்டு சொல்றீங்களா? ஆள் யாரும் வர்ல" என்றான்.

கமிட்டியில் ஏழு பேர். அண்ணா உட்பட. ஒருவருக்கும் வந்து சொல்லத் தோன்றவில்லை.

நான்தான் சொன்னேன். எந்த வார்த்தையில் சொன்னேன் என்று நினைவில்லை. வேகம் போறாது என்ற காரணத்தைச் சொல்லவில்லை.

சுபான் பாய், "இன்னாது?" என்றார். "இன்னாம்மா சொல்றே? ரகு சார் இருந்தாரா அங்கே?"

"இருந்தான்."

"ஒண்ணும் சொல்லலியா?"

மஸ்தான் குறுக்கிட்டான். "வுடு பாய். அவங்க இன்னா பண்ணுவாங்க?" என் குடையை வாங்கி, ஒடிந்த கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகக் கோத்து, நுனியில் நூல் சுற்றி, விரித்து, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். மடக்கிக் கொடுத்தான். "மழைக்குத் தாங்கும்மா." அப்புறம் கொடியிலிருந்த துணிப்பட்டைகளை எடுத்துச் சுருட்டினான். அன்று இலையைச் சுருட்டிய மாதிரியே.

திரும்பும் வழியில் சுபான் பாய் குதிரையைக்கூட அதட்டவில்லை.

நூல் வாங்க மறந்தேன். அம்மா கேட்டாள். கடை மூடியிருந்தது என்றேன்.

சனி, ஆவணி 10

பைனல். போகக் கூடாது என்று காலை முழுதும். மூன்று மணிக்குச் சுபான் பாய் வாசலில். மன்னிக்கு முடியவில்லை. நான் ஏறிக்கொண்டேன்.

வண்டி வழக்கமான இடத்துக்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு பட்டாளத்துப் பக்கம் போய் நின்றது. அங்கே ராயப்பேட்டை முழுதும். சிந்தாதிரிப்பேட்டையும். சோல்ஜர்களுக்காகவும் அவர்கள் கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கயிறு நெடுக அவ்வளவு ஜனம், சத்தம் இல்லை. ஒருவன் மட்டும், "ஏம்பா, இலை எடுக்காத டீம் எதுப்பா?" என்றான். சிரிப்பு எழுந்து அடங்கியது. இலை விஷயம் அதற்குள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

எதிர்ப்புறம் மயிலாப்பூர் மட்டும் தனியாகக் கத்தியது. இவ்வளவு சின்னக் குரலா அது? இத்தனை நாள் தெரியவில்லை.

பாதி ஆட்டம் கழித்து சேது வழுக்கி விழுந்தான். அந்தப் பனைமரச் சோல்ஜர் தாண்டிக்கொண்டு போனான், தனியாக, கோலை நோக்கி. மயிலாப்பூர்ப் பக்கமிருந்து கூட்டமாகக் குரல் எழும்பிற்று: "மஸ்தான்! மஸ்தான், விடாதே!"

காபி ஹோட்டல் மாமா, துண்டோடு, எல்லாருக்கும் முன்னால்.

கத்தி முடித்த பிறகுதான் அவர்களுக்கே கேட்டது போல. சட்டென்று அடங்கியது. பனைமரம் பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்தான்.

கடைசியில் நாம் ஒன்று, பட்டாளம் பூஜ்யம். "நாம்" என்று கை தானாக எழுதுகிறது.

சுபான் பாய் வண்டியைத் திருப்பினார். "ஜெயிச்சுட்டாங்கம்மா" என்றார். "இனிமே எவனும் கேக்க மாட்டான்."

அண்ணாவுக்கு மாலை. தெரு முழுக்க ஊர்வலம். வாசலில் ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். தலைவலி என்றேன். அது நிஜம்.

ஞாயிறு, ஆவணி 11

வெயில். காற்றே இல்லை.

த.மா. வீட்டில் இன்று கப் விருந்து. அண்ணா போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். வெட்கமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். ரசம் இரண்டு தரம் கேட்டான். "நல்லா அமைஞ்சிருக்குடி" என்றான். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

"மஸ்தானுக்கு நீ போய்ச் சொல்லலை" என்றேன்.

"யாரோ சொல்லியிருப்பா."

"யாரு?"

மோரைக் கையில் வாங்கிக்கொண்டான். இலையைப் பார்த்தான். அதே பார்வை.

எழுந்து கிணற்றடிக்குப் போனான். அப்பா இலையை எடுத்தேன். அவர் இடத்தைத் துடைத்தேன். வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

அம்மா: "ரகு இலை கிடக்கே, குட்டி."

"அவன் எடுக்கட்டும்."

"என்னடி உளர்றே?"

"அவன் சாப்பிட்டது. அவன் எடுத்துண்டு போய்ப் போடட்டும்."

அண்ணா ஈரக் கையோடு கொல்லை வாசற்படியில். கேட்டுவிட்டான். துண்டைத் தேடுகிற மாதிரி நின்றான். பிறகு மாடிக்குப் போய்விட்டான்.

அம்மா அழுதாள். அப்பாவிடம் சொல்லப் போகிறாளாம். சொல்லட்டும்.

மணி நாலு. அந்த இடத்தைத் தாண்டிக்கொண்டுதான் எல்லாரும் நடக்கிறார்கள். சாதம் காய்ந்துவிட்டது, ஈ. மன்னி எடுக்கலாம் என்று எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். மாடிப்படியில் காலடிச் சத்தம். இறங்கி வந்து, பாதியில் நின்றிருக்கிறது.