ஒரு நார்மல், அரை மோலார்

நேற்று மாலை என் மகன் தன் பள்ளி வேதியியல் பாடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தான். ஒரு நார்மல் சல்ஃபூரிக் அமிலம் எத்தனை மோலார் என்பது கேள்வி; இரண்டும் கரைசலின் செறிவைச் சொல்லும் அலகுகள். "ஹாஃப், அப்பா. டூ ஹைட்ரஜன்ஸ், ஸோ டிவைட் பை டூ. ஈஸி!" என்றான். நான் எழுந்து போய்விட்டேன். அவனுக்குக் காரணம் புரியவில்லை. உனக்குப் புரியும்.

நியூ ஜெர்சி ஆய்வகத்தில் நாம் சேர்ந்து வேலை பார்த்த காலம். பாட்டில்களில் இனி நார்மல் வேண்டாம், எல்லாம் மோலாரில் இருக்கட்டும் என்று மேலாளர் உத்தரவிட்டார். லேபிள் மாற்றும் பொறுப்பு உனக்கும் நம்மோடு வேலை பார்த்த ஸ்டெல்லாவுக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு எண் மாறாது, சல்ஃபூரிக்குக்குப் பாதியாகும். உறக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பாய். ஆனால் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் சல்ஃபூரிக் பாட்டிலில் எண்ணைத் தொடாமல் அலகை மட்டும் மாற்றினாய். ஒரு மோலார். கீழே உன் இனிஷியல், எஸ்.ஏ.

பிழை எவருக்கும் நேரும். என் கோபம் அதற்கல்ல.

அந்த அமிலத்தைக் கொண்டு ஸ்டெல்லா காரக் கரைசல்களைச் சோதித்தார். முடிவுகள் இரு மடங்காக வந்தன. சொன்னதில் பாதி செறிவுதான் இருக்கிறது என்று வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்பினார். மேலாளர் லேபிளைப் பார்த்தார். ஸ்டெல்லா அருளப்பன், அதுவும் எஸ்.ஏ. பழி அவர் மேல் விழுந்தது. வேலை போனால் அவருடைய விசாவும் போகும் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

காபி மெஷின் அருகே உன்னை நிறுத்தினேன்.

"டேய், அடுத்த மாசம் கிரீன் கார்டு இன்டர்வியூ. இப்போ போய் என்னை மாட்டி விடாதே."

"இன்னைக்குள்ள நீயே சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்வேன்."

"பெரிய ஜட்ஜுடா நீ!" என்று சிரித்தாய்.

சொன்னேன். மேலாளர் என் எதிரிலேயே உன்னைக் கேட்டார். "ஐ டோன்ட் ரிமெம்பர்" என்றாய். மூலக்கூறு எடைகளைத் தசமத்தோடு ஒப்பிக்கும் நீ!

ஸ்டெல்லாவை அனுப்பிவிட்டார்கள். கிரீன் கார்டு வந்ததும் என் மேசையில் லட்டு வைத்தாய், நான் தொடவில்லை. பிறகு நீ டெக்சாஸுக்குப் போனாய். சென்ற மாதம் அங்கே இர்விங் நகரில் நீ இறந்தபின், இரங்கல் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசும்படி உன் மனைவி போனில் கேட்டார். மறுத்துவிட்டேன். பனியில் கார் ஓட்ட எனக்குப் பழக்கிவிட்டவன் நீ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது உண்மை, ஆனால் பாதி உண்மை.

அன்று வேலை போய் ஊருக்குக் கிளம்பிய ஸ்டெல்லாவை விமான நிலையத்தில் இறக்கிவிட்டது நான்தான். "அவருக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, அண்ணா. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலைன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

நான் உன்னிடம் சொல்லவில்லை. மன்னிப்பைக் கேட்டுத்தான் பெற வேண்டும். ஸ்டெல்லா எப்படி இருக்கிறார் என்று நீ ஒரே ஒரு முறை விசாரித்திருந்தால் போதும், அந்தக் கணமே கொடுத்திருப்பேன். நீ கேட்கவில்லை. அவர் உனக்குக் கொடுத்தனுப்பியது இன்னும் என்னிடமே இருக்கிறது.