எச்சரிக்கை முதலில் உனக்குத்தான் போகும்

அலுவலகத்துக்குப் புதுக் கணினித் திரை வந்தது. பழையதைக் கழற்றும்போது அதன் ஓரத்தில் நீ ஒட்டியிருந்த பட்டுத் துண்டு கையோடு வந்துவிட்டது. அரக்கு நிறம், விரல் நீளம். பின்னால் ஒட்டுநாடா காய்ந்து, தூசி படிந்து பழுப்பாகியிருந்தது. பட்டின் முகம் மட்டும் அப்படியே இருந்தது.

திரையோடு புது மென்பொருளும் வந்திருக்கிறது. ஊருக்கு நாம் கொடுக்கும் இன்டர்நெட் லைனின் வேகத்தையும் தாமதத்தையும் வழியில் தொலைகிற தரவையும் அதுவே அளந்து கோடு போட்டுக் காட்டும். எல்லை தாண்டினால் போனுக்குச் செய்தி அனுப்பும். பழைய ஏற்பாட்டில் நாம் எழுதிவைத்ததை எல்லாம் இதில் முதலிலிருந்து எழுத வேண்டும். ஒரு கட்டத்தில் அது கேட்டது: எச்சரிக்கை முதலில் யாருக்கு?

கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இன்னும் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

அந்தத் துண்டு எப்படி அங்கே வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குப் பிடிபடும்.

வசந்தா அக்கா நம் அலுவலகப் படியேறி வந்த மதியம். கீழ்க்கடையில் போன் முன்னால் நின்று நேரலையில் சேலை விற்பவர். அன்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, நான் காட்றது அரக்கு. அங்க பாக்கறவங்களுக்குத் தெரியறது தக்காளி. சேலை போய்ச் சேந்ததும் திருப்பி அனுப்பறாங்க. நடுவுல சாயம் மாத்தறது யாரு, நீங்களா?"

நான் விளக்கத் தொடங்கினேன். நீ குறுக்கே வந்தாய்.

"நாங்கதான்க்கா. ஒரு துண்டு அரக்கு குடுத்துட்டுப் போங்க, கண்டுபிடிச்சிடறோம்."

"துண்டா? ஜாக்கெட்டே தெச்சிக்கோயேன்."

"குடுத்தா வேணாம்னா சொல்லப்போறேன்?"

துண்டுதான் கிடைத்தது. அதை ஜன்னலோரம் வைத்து, ஒரு பழைய போனை அதன் முன்னால் நிறுத்தினோம். படம் லைன் வழியே போய்த் திரும்பி வரும். வந்த நிறம் நாம் முதலில் பதிந்துவைத்த அரக்கிலிருந்து விலகினால் எச்சரிக்கை. வேறு எந்த ஊரிலும் யாரும் இப்படி ஒரு நெட்வொர்க்கை அளந்திருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பெருமை.

சாயங்காலம் எச்சரிக்கை வந்தது. ஓடிப் பார்த்தோம், லைன் நன்றாக இருந்தது. மறுநாள் சாயங்காலமும் வந்தது. அதற்கு மறுநாளும். நான் கோடுகளைப் பெரிதாக்கிக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். நீ ஜன்னலைப் பார்த்தாய். சாய்ந்த வெயில் துண்டின் மேல் விழுந்து அதை ஆரஞ்சாக்கிக்கொண்டிருந்தது.

"ஏய், நாம சூரியனுக்கு அலாரம் வெச்சிகினு இருக்கோம்டி."

அப்படிச் சிரித்தாய். கீழே கடையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அன்றே துண்டை எடுத்துத் திரையோரம் ஒட்டினாய்.

பிறகுதான் சரியான இடத்தில் தேடினோம். நாம் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் ஊருக்குள் இறங்கி வரும் தரவு. புத்தகங்களும் அதைத்தான் பார்க்கச் சொல்லும். மற்ற ஊர்கள் படம் பார்க்கும், நம் தெருக்கள் படம் அனுப்பும். முகூர்த்த மாதங்களில் கடைக்குக் கடை நேரலை. மேலேறும் பாதை நெரிந்து, படம் இளைத்து, அரக்கு தக்காளியாகும். அந்தப் பக்கத்தை நாம் அளக்கவே இல்லை.

மேலேறும் பக்கத்துக்கு எச்சரிக்கை வைத்தோம். நான் உற்சாகத்தில் எல்லாவற்றுக்கும் வைத்தேன். வேகம் இம்மி குறைந்தால் ஒன்று, தாமதம் கொஞ்சம் ஏறினால் ஒன்று, சர்வர் சூடானால் ஒன்று, ஆறினால் இன்னொன்று. போன் மேசையில் நடனமாடியது. சில நாளில் இருவரும் அதைக் கவிழ்த்து வைக்கப் பழகிவிட்டோம். நீதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினாய்.

"இது வந்தா நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணுமில்ல. தெரிஞ்சிக்கலாம்."

"அப்ப அது ஸ்க்ரீன்ல கெடக்கட்டும். என்ன எதுக்குக் கூப்பிடுது?"

ஒரு முறை ஏறி இறங்கினால் விட்டுவிடு, ஏறியே நின்றால் கூப்பிடு. செய்வதற்கு வேலை இருந்தால் கூப்பிடு. கடைசியில் மிஞ்சியவை மிகச் சில. அவற்றின் வாசகங்களையும் நீயே எழுதினாய். எண்கள் வேண்டும் என்று நான் வாதாடினேன். "பதறிகினு இருக்கறப்ப எனக்கு எண்ணு வேணாம். வேலை வேணும்." நீ எழுதியது இது:

"அக்கா கடைப் பக்கம் மேல ஏறல. ரெண்டாவது லைனுக்கு மாத்து. மாத்திட்டு டீ குடி."

முதலில் உன் போனுக்கு வரும். 'பார்த்தேன்' என்று நீ அழுத்தாவிட்டால், சற்றுப் பொறுத்து எனக்கு வரும். அதற்குக் காரணம் இருந்தது. உன் வீடு இரண்டு தெரு தள்ளி. நான் தேவிகாபுரம் பஸ்ஸில், பாதி வழி சிக்னல் இல்லாமல். எனக்கு வரும் முறை அநேகமாக வந்ததே இல்லை.

காய்ச்சல் என்று வேலூருக்குக் கிளம்பினாய். கண்ணமங்கலம் தாண்டும்போது செய்தி அனுப்பினாய்: "அலாரம் வந்தா எடு. நான் தூங்கப்போறேன்." அங்கிருந்து நீ திரும்பவில்லை. இதற்கு மேல் எழுத இன்னும் வரவில்லை எனக்கு.

உன் பெயரை நான் மாற்றவில்லை. எச்சரிக்கை உன் போனுக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தப் போனை உன் அம்மா சார்ஜ் போட்டு, தறிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அடித்தால் உடனே எனக்குக் கூப்பிடுவார்.

"பாப்பா, கத்துது."

"என்ன போட்டிருக்கும்மா?"

எழுத்துக் கூட்டிப் படிப்பார். "அக்கா கடைப் பக்கமாம்... ஏறலயாம். மாத்தணுமாம். டீ குடிக்கணுமாம்."

மாற்றுவேன். மென்பொருள் பொறுத்திருந்து என் போனுக்கு வருவதற்குள் அம்மாவின் அழைப்பு வந்துவிடும். இப்படியே சில மாதங்கள் ஓடின. இதை ஒரு முறையாகவே நான் நம்பத் தொடங்கியிருந்தேன். இதற்கிடையில் ஊருக்குள்ளேயே வீடு எடுத்துவிட்டேன். உன்னை முதலில் வைத்ததற்கு இருந்த காரணம் அதோடு தீர்ந்தது. பெயர் மட்டும் நின்றது. அம்மாவுக்கு அந்தச் சத்தம் தேவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் போன் இன்னும் அடிக்கிறது, அதை யார் நிறுத்துவது.

போன வெள்ளி அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். போன் ஆணியில் தனியாகக் கத்தியது. மென்பொருள் உனக்காகப் பொறுத்தது. நீ 'பார்த்தேன்' என்று அழுத்துவாய் எனப் பொறுத்தது. பிறகு எனக்கு வந்தது. நான் மாற்றும்போது வசந்தா அக்கா கடையில் முகூர்த்தச் சேலைகள் பாதி காட்டி முடிந்திருந்தன.

அக்கா படியேறவில்லை. கீழிருந்தே குரல் கொடுத்தார்.

"பழையபடி தக்காளியா?"

பதில் சொல்ல நீ இல்லை. "ஆமாக்கா" என்றேன்.

"அந்தப் பொண்ணு இருந்தா இப்படி ஆவுமா?"

ஆகியிருக்காது. அக்காவின் அடுத்த நேரலை இந்த வெள்ளி. அதுவும் கெட்டுப்போனால் வேறு லைன் பார்த்துக்கொள்வதாக நம் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்.

ஆகவே, கர்சரை அப்படியே துடிக்க விட்டு உன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே நடந்தேன். உன் பெயரை நீக்குகிறேன் என்று சொல்லக்கூடாது. வரிசையை மாற்றுகிறேன் என்று சொல்லலாம். மென்பொருள் புதிது, அதனால்தான் என்றும் சொல்லலாம்.

அம்மா தறியில் இருந்தார். நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே தறி மிதித்த கால் நின்றது.

"எடுத்துடப் போறியா?"

"இல்லம்மா, வரிசையை மட்டும்..."

"எடுத்துடும்மா. பெரிய பேஜாரா கீது. பாவு மேல கைய வெச்சிருக்கும்போது கத்துது. திடுக்குன்னு இழை அறுந்துபோவுது. முடிச்சு போட்டு முடிச்சு போட்டு என் கண்ணே போச்சு."

நான் விழித்தேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிச் சொல்றது? அது பேரை எடுத்தா உனக்கு மனசு கஷ்டமாவுமேன்னு நான் சார்ஜ் போட்டுகினு கெடந்தேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அம்மாதான் சிரித்தார். உன் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னார்.

"டீ குடின்னு எழுதியிருக்கா பாரு, அத மட்டும் மாத்தாத."

திரும்பி வந்து எழுதினேன். முதல் ஆள்: நான். இரண்டாம் ஆள்: முதலாளி. "என்ன எதுக்கும்மா மாட்டி வுடற" என்று முனகினார், பிறகு எண்ணைக் கொடுத்தார். மென்பொருள் தன்னிடம் தயாராக இருந்த ஆங்கில வாசகங்களை நீட்டியது. நீக்கிவிட்டு உன்னுடையவற்றை எழுத்துப் பிசகாமல் தட்டினேன். அது முன்மொழிந்த எச்சரிக்கைகளின் நீண்ட பட்டியலில் ஒவ்வொன்றிடமும் கேட்டேன்: இது வந்தா நான் இன்னா பண்ணணும்? பெரும்பாலானவற்றிடம் பதில் இல்லை. அவை திரையில் கிடக்கின்றன.

இன்று வெள்ளி. மதியம் அக்காவின் நேரலை. மேலேறும் பாதையின் தாமதக் கோடு நிமிர ஆரம்பித்தது. ஏறியது. இறங்கவில்லை. ஏறியே நின்றது. என் போன் அடித்தது.

அக்கா கடைப் பக்கம் மேல ஏறல. ரெண்டாவது லைனுக்கு மாத்து.

மாற்றினேன். உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்பதற்காகக் கவனித்தேன். கோடு படிந்தது. பிறகு நேரலையைத் திறந்தேன். அக்கா ஒரு சேலையை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். உன் துண்டை எடுத்துத் திரையோரம் பிடிக்கப்போனேன். வெயில் நினைவு வந்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து பிடித்தேன்.

அரக்கு. இரண்டும் அரக்கு.

அக்கா ஒன்றும் அறியாமல் விலை சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியாது. நம் வேலை நன்றாக நடந்ததற்கு அதுதான் அடையாளம் என்பாய். துண்டைப் புதுத் திரையின் ஓரத்தில் புது ஒட்டுநாடாவால் ஒட்டினேன். இனி இது எதையும் அளக்காது. இருந்தாலும் இதைப் பார்த்த பிறகுதான் கோடுகளைப் பார்ப்பேன். வாடிக்கையாளர் கண்ணில் என்ன படுகிறது என்பதை முதலில் பார்க்கும் வழக்கம் உன்னிடமிருந்து எனக்கு வந்தது, என்னோடு இருக்கும்.

டீ சொல்லியனுப்பினேன். வந்தது. முதல் வாய் குடிக்கும்போது போன் அடித்தது. திரையில் உன் பெயர்.

அம்மா.

"பாப்பா, அக்கா நேரலை இன்னிக்குத்தானே? இங்க கத்தவே இல்லியே. லைன் நல்லா கீதா?"

"நல்லா இருக்கும்மா. மாத்திட்டேன்."

"டீ?"

"குடிச்சிகினு இருக்கேன்."