ஒரு விரல் இடைவெளி

சுற்று 402 · 08:10

மின்சாரம் சரி. காற்று சரி. பூமி சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது. அது மறுபடி வெளியே வரும்வரை அங்கிருந்து ஒரு சொல்லும் கிடைக்காது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: செவ்வாயைச் சுற்றும் இந்தக் கலத்தில் நான் மட்டும். சுகிர்தா. கீழே தரையில் ஜெபின் மட்டும். அவன் பாறைகளை ஆராய்கிறவன். ஒவ்வொரு சுற்றிலும் அவன் தலைக்கு மேல் கடக்கும் கால் மணி நேரம் நாங்கள் பேசலாம். மற்ற நேரமெல்லாம் இடையில் ஒரு கோள்.

ஓய்வு நேரத்தில் ரோலர் கோஸ்டர் கட்டும் விளையாட்டு. இருவருக்கும் ஒரே பூங்கா. தடம் அவன் போடுவான், தாங்கு தூண்கள் நான். விளையாட்டே தூண் வைத்துத் தரும். அவற்றை அழித்துவிட்டு ஒவ்வொரு குழாயாக நானே வைப்பேன். வண்டி பள்ளத்தில் அழுத்தும் இடத்தில் தூண்கள் நெருக்கமாக. வளைவில் வெளிப்பக்கம் சாய்ந்த முட்டு. அடியில் கான்கிரீட் கட்டை, போல்ட். அசல்போல இருக்க வேண்டும்.

எதுவும் தேவையில்லை என்பதும் தெரியும். விளையாட்டில் தடம் காற்றிலேயே நிற்கும். தூண் பார்வைக்கு.

இன்று பெரிய வளைவு முடிந்தது. வழக்கம்போல் தூணின் தலையைத் தடத்துக்கு ஒரு விரல் கீழே நிறுத்தினேன். இரண்டு பரப்புகள் ஒரே இடத்தில் பட்டால் திரை மினுங்கும். தூண் கட்டுகிற எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். இடைவெளியைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம். வெளியே தெரியாது.

ஜெபின்: "தூணு கொள்ளாம், நல்லாருக்கு மக்கா. ஆனா வண்டியில ஏறுறவன் எவனாவது தூணைப் பாப்பானா?"
நான்: "வரிசையில நிக்கவன் பாப்பான்லே. பாத்துட்டுத்தான் ஏறுவான்."

சுற்று 405 · 14:32

கலத்தின் கருவியில் சூரியப் புயல் எச்சரிக்கை. நாளை மறுநாள் இங்கே வந்து சேரும். எனக்குத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே ஓர் அறை உண்டு, ஒருவர் ஒடுங்கும் அளவுக்கு. ஜெபினின் கூடாரச் சுவர் அந்தக் கதிர்களைத் தடுக்காது. அவன் குகைக்குள் போக வேண்டும். எரிமலைக் குழம்பு ஓடிக் காலியான குகை.

குகைக் கூரையில் விரிசல். போன மாத நில அதிர்வுக்கு முன் அது இல்லை.

ஜெபின்: "உள்ள விரிசலு, வெளிய வெயிலு. எது வசதின்னு நீயே சொல்லு."
நான்: "தூண் வைப்போம்."
ஜெபின்: "யாரு, நீயா?"
நான்: "வேற யாரு இருக்கா?"

சுற்று 406 · 16:50

கீழே ஓர் அச்சு இயந்திரம் உண்டு. எட்டுக் கால். சிலந்தி என்று கூப்பிடுகிறோம். மண்ணையும் பசையையும் குழைத்து, கொடுத்த வரைபடத்தை அப்படியே கட்டும். கேள்வி கேட்காது.

கட்டுமானம் கணக்கிடும் மென்பொருள் பூமியில். என்னிடம் விளையாட்டு.

குகையின் அளவுகளை விளையாட்டுக்குள் ஏற்றினேன். கூரையைத் தடமாக வைத்துக்கொண்டேன். விரிசலுக்குக் கீழே நெருக்கமாக நான்கு தூண்கள், வாசல் பக்கம் இரண்டு. குறுக்கு முட்டுகள். அகன்ற அடிக்கட்டை. இருக்கிற பசைக்கு ஆறுதான் வரும்.

இவ்வளவு கவனமாக எதையும் கட்டியதில்லை. கை தானாகப் போயிற்று.

சுற்று 417 · 15:05

ஆறு தூணும் நிற்கின்றன. ஜெபின் சாமான்களோடு உள்ளே குடிபோய்விட்டான்.

ஜெபின்: "அசந்துட்டேன். மேல அந்த வளையம்வரை வச்சிருக்க. ஒரு சந்து தெரியல."
நான்: "முதல் தடவையா என் தூணுக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு."
ஜெபின்: "கல்யாண மண்டபம் மாதிரி கெடக்கு. வாழைமரம் கட்ட வேண்டியதுதான் பாக்கி."

சுற்று 422 · 01:20

புயல் வந்துவிட்டது. தொட்டி அறையிலிருந்து எழுதுகிறேன். கால் நீட்ட இடமில்லை.

ஒவ்வொரு தூணுக்குள்ளும் சுமையை அளக்கும் கம்பி. ஆறிலும் பூஜ்யம். கூரை அசையவில்லை என்று பொருள்.

ஜெபின்: "அப்போ உன் தூணு எப்பவும்போல சும்மா நிக்குது."
நான்: "சும்மா நிக்கட்டும்."

நிம்மதி. இந்தச் சொல்லைப் பதிவேட்டில் இதற்கு முன் எழுதியதில்லை.

சுற்று 424 · 05:28

கூரையிலிருந்து மணல் உதிர்கிறதாம். விரிசல் அகன்றிருக்கிறது. கல் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, கண்ணாலேயே தெரிகிறது என்கிறான்.

தூண்கள்: பூஜ்யம்.

கம்பி பழுதோ என்று சந்தேகம். தூணை உதைக்கச் சொன்னேன். நான்காவதை உதைத்தான். எண் துள்ளியது. மறுபடி உதைத்தான். மறுபடி துள்ளியது. கம்பி நன்றாக இருக்கிறது.

கூரை இறங்குகிறது. தூண்கள் எதையும் சுமக்கவில்லை.

05:47

அவன் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டான். வரைபடத்தைத் திறந்தேன். முதல் தூணின் தலையைப் பெரிதாக்கினேன். வளையத்தை நீக்கினேன்.

ஒரு விரல்.

இரண்டாவது. ஒரு விரல். ஆறிலும்.

மினுங்கக் கூடாது என்று. கல் மினுங்காது.

அவன் அதன் கீழே உட்கார்ந்திருக்கிறான். இதைச் சொல்ல ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். வேகமாகச் சுற்ற முடியாது. இறங்க ஊர்தி இல்லை. இருக்கிற ஒன்று அவன் பக்கத்தில் நிற்கிறது, புயலில். கையில் வேலை எதுவும் இல்லை. தொட்டியில் தண்ணீர் அசையும் சத்தம்.

சுற்று 425 · 07:32

சொல்லிவிட்டேன்.

ஏணியை இழுக்கும் சத்தம். பிறகு:

ஜெபின்: "வளையத்தை ஒடிச்சுப் பாத்தேன். பேப்பர் மாதிரி வருது. என் விரல் உள்ள போகுது மக்கா."
நான்: "வெளிய வந்துரு."
ஜெபின்: "வெளிய வந்தா ஊர் போய்ச் சேர மாட்டேன்னு நீதானே கணக்குப் போட்ட."
நான்: "அப்போ ஆப்பு வை. சந்தை அடை. தட்டையா எதாவது."
ஜெபின்: "என் கல்லு இருக்கு. ஒண்ணொண்ணுக்கும் பேரெழுதி வச்ச கல்லு. ஊருக்குக் கொண்டுபோக."
நான்: "ஜெபின்."
ஜெபின்: "வைக்கேன், வைக்கேன். ஏணி மட்டும் கொஞ்சம் ஆடுது."
நான்: "ஓங்கித் தட்டாத. கூரை அதிரும்."
ஜெபின்: "தட்டாம ஆப்பு எப்படி ஏறும்?"

தொடர்பு போயிற்று.

சுற்று 426 · 09:36

தூண் 1: சுமக்கிறது. தூண் 3: சுமக்கிறது. மற்றவை பூஜ்யம்.

ஜெபின்: "ரெண்டு ஏறிட்டு. இப்போ நாலுக்குப் போறேன். நல்ல கல்லெல்லாம் தீந்துட்டு, இனி சின்னதுதான்."
நான்: "மெதுவாலே."
ஜெபின்: "இனிமே தூணை நான் போடுதேன், தடத்தை நீ போடு. இந்த வேலை உனக்கு ஆகாது."
நான்: "சரி. நீயே போடு."
ஜெபின்: "சுகி, மேல என்னமோ"

சத்தம். நீளமான சத்தம். பிறகு இரைச்சல் மட்டும்.

தூண் 3: கம்பி தாங்கும் அளவுக்கு மேல்.

கூப்பிட்டேன். அடிவானம் வரும்வரை கூப்பிட்டேன்.

சுற்று 427 · 11:40

குரல் இல்லை. குகைக் கேமராவில் கறுப்பு.

தூண் 1 சுமக்கிறது. தூண் 3 சுமக்கிறது. நிற்கும் கூரையைத் தாங்கினாலும் இதே எண்தான். விழுந்த கல் சாய்ந்து கிடந்தாலும் இதே எண்தான்.

12:15

கோளுக்குப் பின்னால். எங்கள் பூங்காவைத் திறந்தேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முதல் தூணை ஒரு விரல் உயர்த்தினேன். தடத்தைத் தொட்டது. அந்த இடம் மினுங்கியது. அடுத்த தூண். அடுத்தது. எத்தனை வருடத் தூண்கள். முழுப் பூங்காவும் மினுங்குகிறது. கண் வலிக்கிறது.

மினுங்கட்டும்.

சுற்று 428 · 13:44

தூண் 4.

ஒரு துள்ளல். பூஜ்யம். ஒரு துள்ளல். பூஜ்யம்.

அவன் உதைத்தபோது வந்த அதே அளவு. அல்லது கூரை உட்காருகிறது, கல் நெரிகிறது. தெரியவில்லை. தெரியவில்லை.

அவனுக்குக் கேட்கிறதா தெரியாமலே பேசினேன். ஜெபின், நீதான் என்றால் மூன்று தடவை உதை. மூன்று. வேறு எதுவும் வேண்டாம். மூன்று.

துள்ளல் நின்றது. கேட்டுவிட்டான் என்று நினைத்தேன். நின்றுவிட்டது என்றும் நினைத்தேன்.

பிறகு ஒன்று.

இடைவெளி.

இரண்டு.

மூன்றாவது வருமுன் நான் கோளுக்குப் பின்னால் போய்விட்டேன்.