எதிரி வரும் முன்பே

ஜூன் 11, 2025
வேடசந்தூர் மில்லில் வேலை முடிந்து வந்து ‘பாளையம்’ பக்கத்தைத் திறந்தேன். ஆறு வருடமாக ஓய்வு நேரத்தில் நான் எழுதிவரும் கம்ப்யூட்டர் விளையாட்டு. இலவசம். நிரலும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. பாளையக்காரராக இருந்து ஏரி வெட்டி, வயல் விளைவித்து, படை திரட்டி, பக்கத்துப் பாளையத்தோடு மோத வேண்டும். ரஃபியா என்று ஒருவர் புதிதாக ஆடிவிட்டு எழுதியிருக்கிறார்: ‘மூன்று முறை ஆடினேன். மூன்று முறையும் என் ஆட்கள் பட்டினியில் செத்தார்கள். எதிரி வரவே இல்லை. இதை உருவாக்கியவர்தான் எதிரியா?’

என்ன திமிர்!

ஜூன் 12
பல் துலக்கும்போதும் அதே வரிதான். மடையைத் திறக்காமல் வயல் எப்படி விளையும்? ஏரி மேல் ரைட் கிளிக் செய்தால் திறக்கும். வழிகாட்டியில் பதினேழாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. ஓசியில் கொடுத்தால் இதுதான் மரியாதை போல. ‘வழிகாட்டியைப் படித்துவிட்டுக் குறை சொல்லுங்கள்’ என்று பதில் போட்டேன்.

ஜூன் 13
‘விளையாட வந்தேன், பரீட்சை எழுத வரவில்லை’ — இது அவர் பதில். அதற்கு லைக் போட்டவர்களில் முத்துக்கிருஷ்ணனும் ஒருவன். என்னோடு சேர்ந்து நிரல் எழுதுகிறவன்! உடனே போன் போட்டேன்.

“அண்ணே, அந்தப் புள்ள சொல்றதுல என்ன தப்பு? நானே மொதல்ல அங்கனதான் மாட்டுனேன்.”

அப்ப ஏன்டா இம்புட்டு நாளாச் சொல்லல?

“சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்கல்ல.”

நானா? நான் கோவக்காரனா?

ஜூன் 15
டெய்சியிடம் அதையே கேட்டேன். “இப்பவும் கோவமாத்தான கேக்குறீங்க” என்றாள். கட்டின பொண்டாட்டியும் அந்தப் பக்கம்.

ஜூன் 18
ரஃபியாவும் இதே ஊர்தான், பேகம்பூர்ப் பக்கமாம். மருந்துக்கடையில் வேலை. “நம்ம ஊருப் பிள்ளையா? வரச் சொல்லுங்க, நேர்லயே காட்டுங்க” என்கிறாள் டெய்சி. வரட்டும். காட்டுகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வந்த கொஞ்ச நேரத்தில் ரஃபியா வந்துவிட்டார். சின்ன வயதுதான். உட்காரும்போதே ஒரு நிபந்தனை: “நான் ஆடுறேன் சார். நீங்க பின்னாடி உக்காந்து பாருங்க. ஒரு வார்த்த பேசக்கூடாது.”

மழை பெய்தது. ஏரி நிறைந்தது. அவர் ஏரியைத் தொட்டார், கரையைத் தொட்டார், வயலைத் தொட்டார். எல்லாமே இடது பொத்தானில். நெல் காய்ந்தது. ஒரு ஊர் திரையிலிருந்து மறைந்தது. “ஐயோ, அம்புட்டுச் சனமும் போச்சே!” என்று நிஜமாகவே பதறினார். என்னால் தாங்க முடியவில்லை. கத்திவிட்டேன்.

“மடையத் திறங்கம்மா! ரைட் கிளிக்!”

திரும்பிப் பார்த்தார். “சரி சார். ஆடுறவங்க எல்லார் வீட்டுக்கும் போயி, பின்னாடி உக்காந்து சொல்லுவீங்களா?”

அடுப்படியில் டெய்சி சிரித்தாள். மடை திறந்த பிறகு ரஃபியா ஆட்டத்தை விட்டு எழவே இல்லை. டீ ஆறிப்போனது. எதிரிக் கோட்டையைப் பிடித்துவிட்டுத்தான் போனார்.

ஜூன் 23
இன்னும் கோபம்தான். ஆனால் அந்தப் பெண் மேல் இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனை பேர் அந்த ஏரிக்கரையில் நின்று முழித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போயிருப்பார்கள்? ஒருத்தராவது திட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?

ஜூலை 6
ஏரி மேலேயே மடையின் படம் வைத்தாயிற்று. ஒரு முறை தொட்டால் திறக்கும். ரஃபியாவுக்கு எழுதினேன். ‘நன்றி’ என்பதைவிட ‘மன்னிக்கவும்’ என்று எழுதத்தான் நேரம் பிடித்தது.

ஜூலை 13
குளித்துவிட்டு வந்தால் என் நாற்காலியில் டெய்சி. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட ஆடியதில்லை, நானும் கூப்பிட்டதில்லை.

“ஏங்க, இந்தக் குதிர ஏன் நகர மாட்டேங்குது?”

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பின்னால் உட்கார்ந்தேன். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, அவள் கை எங்கெல்லாம் தேடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.