ஆலைப் படித்துறையைக் கேட்டு வாங்கிய கதை

அன்பு மகள் லுவாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கொல்லைக் கோழிகளும் அப்படியே. நீயும் அந்தப் பிராக் நகரத்துக் குளிரில் இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், இருமினால் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு மேலே படி. முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டு விடுகிறேன். யாரோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிய வீடியோவில், கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவது நான்தான். அம்மாவுக்கு வாய் இழுத்துக்கொண்டதா என்று பதறிப்போய்ச் செய்தி அனுப்பியிருந்தாயே, அதெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு அரசாங்க அதிகாரியை வாத்து என்று திட்டிக்கொண்டிருந்தேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் புகுந்து நீ என்னைத் திட்டுவாய், காகிதம் திட்டாது, அதனால்தான் எழுத வராத எழுத்தில் இவ்வளவு எழுதுகிறேன்.

நீ போகும்போது நம் பழைய துணி ஆலை இடம் புதரும் பாம்புமாகக் கிடந்ததல்லவா, தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டு, சங்கையும் கழற்றிக்கொண்டு போய், சுவர் மட்டும் நின்றதே, அங்கே இப்போது பெரிய பெரிய குடியிருப்புக் கட்டடங்கள் வரப்போகின்றன. ஆற்றோரம் நடக்கப் பாதையும் பூங்காவும் போடுகிறார்களாம். வந்து படம் பார்த்துவிட்டுப் போங்கள் என்று பேட்டைக் கூடத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். டீயும் கடலை மிட்டாயும் உண்டு என்றார்கள், நான் சுயேன் பெரியம்மாவையும் இழுத்துக்கொண்டு போனேன். மேடையில் ஒரு பெரிய அதிகாரி பேசிக்கொண்டே இருந்தார். சின்ன அதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்று படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். குட்டைக் கால், பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு நடை. எனக்கு வாய் சும்மா இருக்குமா. பெரியம்மா கூடத்தின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். தறிக்கூடத்துப் பேச்சில் ஆரம்பித்துவிட்டேன். உனக்குத்தான் தெரியுமே, அத்தனை தறிகள் இடிக்கும் இடத்தில் காது எதற்கு, உதட்டையும் புருவத்தையும் வைத்துத்தான் எங்கள் கல்யாணப் பேச்சு வரைக்கும் நடந்தது. நீ சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் நான் சத்தமில்லாமல் திட்டினால் வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்ப்பாய். அக்கா, அந்த வாத்தைப் பாரேன், படத்தைத் திருப்பறதுக்கே மூச்சு வாங்குது என்றேன். வாத்து இல்லடி, முட்டை போட எடம் தேடற வாத்து என்றாள் அவள். இதுக்கும் ஒருத்தி கழுத்தை நீட்டியிருக்கா பாரு, இந்நேரம் ஓடிப் போயிருப்பா என்றேன் நான்.

அந்த ஆள் படத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். பார்த்து, ஒரு சத்தமும் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார், ஓடிப் போகலை சித்தி, வீட்லதான் இருக்கா, நல்லா சமைப்பா என்று. என் வாயில் இருந்த கடலை மிட்டாய் அப்படியே நின்றுவிட்டது. நான் தியெப் மகன் தொவாய், ஆலைக் குழந்தைக் காப்பகத்துல வளர்ந்தவன் என்றார். என் தறிக்கு மூன்றாம் தறி தியெப், லுவா. இந்தப் பையனைத் தறிக்கட்டைக்கு அடியில் பழந்துணி விரித்துத் தூங்க வைப்பாள், நான்கூடத் தாலாட்டியிருக்கிறேன். தரைக்குள் போய்விடலாமா என்று இருந்தது. அவர் அதோடு விடவில்லை. அடுத்த படத்தை நல்லாப் பாருங்க சித்தி, படித்துறை இல்லை, சுவர்தான் வருது, நான் வாயைத் திறக்க முடியாது, மேல இருக்கறவர் பக்கத்துலயே உக்காந்திருக்கார், ஊர் ஜனம் கேட்டா எழுதி வச்சே ஆகணும், எழுந்து கேளுங்க என்றார். இதற்கு முன்னால் நான் வாத்து என்று திட்டிக்கொண்டிருந்ததைத்தான் எவனோ வீடியோ எடுத்திருக்கிறான்.

படத்தைப் பார்த்தேன். ஆற்றை மறைத்து மார்பு உயரத்துக்கு ஒரே சுவர், படி இருந்த இடத்தில் பூத்தொட்டி. அந்தக் கோடியில் பெரியம்மா டீயைக் கீழே வைத்துவிட்டாள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பஞ்சுப் பொதி இறங்கியது அந்தப் படியில்தான், நாங்கள் கை கால் பஞ்சைக் கழுவியது அங்கேதான், உன் அப்பா முதல் தடவை என்மேல் தண்ணீர் வாரி இறைத்ததும் அங்கேதான். அதெல்லாம் போனால் போகிறது. சண்டைக் காலத்தில் குண்டு போடும் விமானத்துக்குப் பயந்து தறிகளைக் கழற்றிப் படகில் அக்கரைக்குக் கொண்டுபோனபோது பெரியம்மாவின் அம்மா அந்தப் படியில் இறங்கித்தான் படகேறினாள். படகு அக்கரை சேரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை, சமாதியும் இல்லை. வருஷா வருஷம் அந்த நாளில் கடைசிப் படியின் பிளவில்தான் பெரியம்மா ஊதுபத்தி செருகுவாள். ஆலைக்குப் பூட்டுப் போட்ட பிறகும் சுவர் ஓட்டையில் நுழைந்து போவாள், பின்னாலிருந்து தள்ளிவிடுவது என் வேலை.

எழுந்தேன். மைக் கொடுத்தார்கள், எனக்கு எதற்கு மைக், தறிக்கூடத்துத் தொண்டை. படி எங்கேன்னு கேட்டேன். பெரிய அதிகாரி சிரித்துக்கொண்டே, அது ஆபத்தும்மா, பாசி, வழுக்கும், யாராவது விழுந்தா யார் பதில் சொல்றது என்றார். இவ அம்மாவுக்கு அந்தப் படி ஒண்ணுதான் இருக்கு, ஊதுபத்தியை உங்க பூத்தொட்டியிலயா கொண்டுவந்து குத்தச் சொல்றீங்க என்றேன். பெரியம்மா எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஆலைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். கடைசியில் கூடத்தில் உட்கார்ந்திருந்தது மேடைக்காரர்கள் மட்டும்தான். தொவாய் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

போன மாதம் புதுப் படம் ஒட்டினார்கள். சுவரில் வழி விட்டு, படி அப்படியே இருக்கிறது. பெரியம்மா அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அந்த ஆலை என் காதில் பாதியைத் தின்றது, உன் அப்பா காதை முழுசாகத் தின்றது. ஆனாலும் சோறு போட்டது, உன் அப்பாவைக் கொடுத்தது, சத்தமில்லாமல் பேசக் கற்றுக்கொடுத்தது, அந்தப் பேச்சைக் கேட்க ஒரு பிள்ளையை மேடையிலும் வைத்திருந்தது. நினைத்தால் கும்பிடத்தான் தோன்றுகிறது.

உனக்குப் பிடித்திருக்கிற பையன் என்று நீ அனுப்பின படத்தைப் பார்த்தேன், காது கொஞ்சம் பெரிசு, பரவாயில்லை, நீ பேசும்போது உன் முகத்தைப் பார்க்கிறானா என்று மட்டும் கவனி. அங்கே உன் கடையைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே சாப்பிடாதே. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, தேத் புத்தாண்டுப் பண்டிகைக்கு ஒரு தடவையாவது இந்த வாசலை மிதிக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, வீடியோவில் பேசும்போது நெற்றியைக் காட்டிக்கொண்டிருக்காதே, போனைக் கீழே இறக்கி வாயைக் காட்டு. நீ பேசுவது அத்தனையும் அப்பாவுக்குப் புரியும், வெளியே சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா லான்

இன்னொன்று, எழுத விட்டுப்போய்விட்டது. முந்தாநாள் பெரியம்மாவின் அம்மா நாள். தொவாயும் ஊதுபத்தி கொண்டுவந்தார். பெரியம்மா கும்பிட்டு முடித்ததும் அவர் கடைசிப் படியில் கால் வைத்தார். பாசி. இடுப்பளவு தண்ணீரில் போய் உட்கார்ந்தார். ஊதுபத்தியை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தார். கரையில் ஆலைப் பெண்கள் எல்லோரும் நின்றிருந்தோம். வாத்து என்று யாரும் உதட்டை அசைக்கவில்லை, அவர்தான் படித்துவிடுவாரே.